சிறகடிப்பு ஆணையத்தின் பதில் தபாலில் வரும்

மனிதன் தன் சொந்த பலத்தில், சிறகடித்துப் பறக்க முடியுமா முடியாதா என்ற கேள்விக்கு விடை காண்பதற்காக ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து விர்ரபூல் ஊரில் ஓர் ஆணையம் முப்பத்தொரு வருடமாக நடந்து வந்தது. இரண்டு மாடிச் செங்கல் கட்டடம், பதினாறு ஊழியர்கள், மாலை மூன்று மணிக்குத் தேநீரும் தேங்காய்த்தூள் புரட்டிய கேக்கும். வாசலில் வெண்கலத்தில் ஒரு கூழைக்கடா சிலை, சிறகை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விரித்த சிறகோடு செய்தால் 'முடியும்' என்ற பக்கம் ஆணையம் சாய்ந்துவிட்டதாகப் பேச்சு வருமாம். அதனால் மடக்கச் சொல்லிவிட்டார்கள்.

இப்படி ஓர் ஆணையம் வந்ததற்கு ஊர்க்காரர்கள்தான் காரணம். வருடா வருடம் மார்ச் மாதம், தொழிலாளர் தின விடுமுறைத் திங்களன்று, அட்டையிலும் துணியிலும் சிறகு செய்து கட்டிக்கொண்டு படகுத்துறை மேடையிலிருந்து முர்ரே ஆற்றில் குதிப்பது அவர்கள் வழக்கம். இரண்டு பேர் ஒரே பசு மாடு வேஷத்துக்குள் புகுந்து குதிப்பார்கள், இன்னொருவன் பல்செட் வேஷத்தில் குதிப்பான். கரையில் நிற்கிற கூட்டம் "ஒண்ணு, ரெண்டு" என்று உரக்க எண்ணும். மூன்று எண்ணுவதற்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டுவிடும். சிரித்துவிட்டு எல்லோரும் சுட்ட சாஸேஜ் தின்னப் போவார்கள். இதைக் கேள்விப்பட்ட மெல்போர்ன் சட்டசபை உறுப்பினர் ஒருவர் எழுந்து, "ஒருவேளை எவராவது பறந்துவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது?" என்று கேட்டார். சட்டம் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சபையே பதறிப்போனது. அடுத்த வருடமே கட்டடம் எழுந்தது.

நோலீன் பிக்கெட் அந்த ஊரின் தபால்காரி. இருபத்திரண்டு வருடமாக மேடும் பள்ளமுமான தெருக்களில் சைக்கிள் மிதித்து மிதித்து அவள் தொடைகள் வேலிக்கம்பம் போல் ஆகிவிட்டன, முட்டிகள் தேய்ந்துவிட்டன. அவள் கணவன் செட்ரிக், பண்ணைகளில் காற்றாலைப் பம்புகளைப் பழுது பார்ப்பவன். காற்று எதைத் தள்ளும், எதைத் தூக்கும் என்று அவனுக்குத் தெரியும். கைபலத்தால் மனிதன் பறக்கவே முடியாது, நெஞ்சில் அவ்வளவு சதை கிடையாது, பறந்தால் காலால்தான் பறக்க வேண்டும் என்பது அவன் கட்சி. ஊரிலேயே நல்ல கால்கள் அவன் வீட்டில் இருந்தன. எட்டு வருடம் உழைத்து இரண்டு பேரும் ஒரு பொறி செய்திருந்தார்கள். மரக்கட்டையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும், நுனிக்கு நுனி இருபத்தெட்டு மீட்டர் சிறகு. நடுவில் நோலீன் சாய்ந்து படுத்துக்கொண்டு இரண்டு காலாலும் உதைத்தால் கம்பி இழுபட்டுச் சிறகு இறங்கும், காலை மடக்கினால் ஏறும். அறுவடை முடிந்த கோதுமை வயலில் ஓட்டிப் பார்த்ததில் அது ஒருமுறை ஒரு முழம் எழும்பியது. அன்றைக்குச் செட்ரிக் சாப்பிடவே இல்லை.

இதற்கிடையில் டாக்டர் அவள் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு நாள் குறித்துவிட்டார். தொழிலாளர் தினத்துக்கு மறுநாள் விட்டு அதற்கடுத்த நாள், புதன்கிழமை, அறுவை சிகிச்சை. "அப்புறம் நடக்கலாம், தோட்ட வேலை பார்க்கலாம். உதைக்கிற வேலை மட்டும் இந்த ஜென்மத்துல கிடையாது" என்றார். ஆக, இந்த வருடத் திங்கட்கிழமை விட்டால் நோலீனுக்கு வேறு திங்கட்கிழமை இல்லை.

ஆற்றில் விழ உத்தேசித்திருப்பவர்களுக்கு 'விழுவோர் சீட்டு' சாஸேஜ் கடையிலேயே கிடைக்கும். பறக்க உத்தேசித்திருப்பவர்கள்தான் ஆணையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விழுவோர் சீட்டு வாங்கிக்கொண்டு பறந்தால் ஏமாற்று வேலை, அரசாங்க உத்தியோகம் போய்விடும். நவம்பர் மாதமே நோலீன் நாற்பது பக்க விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு போனாள். கவுன்ட்டரில் லினெட் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் புரட்டினாள். லினெட்டும் நோலீனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"கண்ணு, பதினோராவது கேள்வியைக் காலியா விட்டிருக்கியே."

"அதுல, முட்டையிடும் உத்தேசம் உண்டான்னு கேட்டிருக்கு லினெட்."

"ஆமா. உண்டா?"

"என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"எனக்கு எப்படித் தெரிஞ்சா என்ன? உண்டு, இல்லை, ரெண்டுல ஒண்ணு எழுது. காலியா விட்டா, சொல்ல வெட்கப்படறேன்னு எடுத்துக்குவாங்க."

விஷயம் இதுதான். ஆணையம் தொடங்கிய அவசரத்தில் கோழி வளர்ப்புத் துறையிலிருந்து விண்ணப்பப் படிவங்களைக் கடன் வாங்கி, 'பறவை' என்ற இடத்தில் 'விண்ணப்பதாரர்' என்று திருத்தி வைத்திருந்தார்கள். சொந்தப் படிவம் அடிக்க வேண்டுமானால் முதலில் மனிதன் என்றால் யார் என்று வரையறுக்க வேண்டும். அதற்கான துணைக்குழு ஒன்பது வருடமாகக் கூடிக்கொண்டிருந்தது.

நோலீன் 'இல்லை' என்று எழுதினாள். பக்கத்தில் காத்திருந்த ஹோரி டட்டில் எட்டிப் பார்த்து, "அவசரப்படாதே, யோசிச்சு எழுது" என்றார். ஹோரி கடைத்தெருவில் இறைச்சிப் பை, அதாவது மாவுக்கூட்டுக்குள் இறைச்சி வைத்த பணியாரம், சுடுகிறவர். ஆணையத்தின் கணக்கில் அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

அதுவும் தபாலால் வந்த வினைதான். நோலீன் முட்டி வலிக்கு விடுப்பு எடுத்திருந்த வாரம், மாற்று ஆளாக வந்தவன் ஹோரியின் கடை மூடியிருப்பதையும் கதவில் துக்க அடையாளமாகக் கறுப்பு வளையம் தொங்குவதையும் பார்த்தான். செத்தது ஹோரியின் நாய். வந்தவன் அதை விசாரிக்காமல், ஆணையத்திலிருந்து அவருக்கு வந்த உறையின் மேல் 'இறந்துவிட்டார், அனுப்பியவருக்கே திருப்புக' என்று எழுதி அனுப்பிவிட்டான். ஆணையத்தின் ஒன்பதாவது விதிப்படி, தபால்காரர் உறை மேல் எழுதியதை எழுத்துக்கு எழுத்து பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தபால் மத்திய அரசுடையது, ஆணையம் மாநில அரசுடையது. மத்திய அரசு செத்துவிட்டார் என்று சொன்னபின் மாநில அரசு எந்த முகத்தோடு உயிரோடிருக்கிறார் என்று சொல்லும்?

"தினமும் வந்து நிக்கறேன். இந்த லினெட் என்கிட்ட பேசறா, சிரிக்கறா, பை கொண்டு வந்தா திங்கறா. பதிவேட்டை மட்டும் திருத்த மாட்டேங்கறா" என்றார் ஹோரி.

"நீ உயிரோட இருக்கேன்னு தபால்காரர் யாராவது உறை மேல எழுதட்டும், திருத்தறேன்."

"செத்தவனுக்கு நீங்க கடுதாசி போட்டாத்தானே அவங்க உறை மேல எழுதுவாங்க?"

"செத்தவருக்கு எப்படிய்யா கடுதாசி போடறது?" என்றாள் லினெட், மனப்பூர்வமான வருத்தத்தோடு.

பதில் தபாலில் வரும் என்று சொல்லி நோலீனை அனுப்பினார்கள். வந்தது. மூன்று நாள் கழித்து, ஆணையத்தின் வாசல் பெட்டியைத் திறந்து உறைகளை அள்ளி, தபால் நிலையத்துக்கு எடுத்துப்போய் முத்திரை குத்தி, தெருவாரியாக அடுக்கி, பையில் போட்டுக்கொண்டு பதினான்கு கிலோமீட்டர் சுற்றி, கடைசியில் தன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தித் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டாள். பதிவுத் தபால் என்பதால் கொடுத்தவர் என்று ஒரு கையெழுத்தும் வாங்கியவர் என்று ஒரு கையெழுத்தும் போட்டாள். அதில், நேர்முகத் தேர்வுக்கு மறுநாள் வருமாறு எழுதியிருந்தது. அந்த மறுநாள் முந்தாநாளே போய்விட்டிருந்தது.

தலைமை ஆய்வாளர் கிராப்ட்ரீ பெரிய மனசு பண்ணி இன்னொரு நாள் கொடுத்தார். உயரமான, சுத்தமான மனிதர். அவர் மேசையில் எதிரெதிராக இரண்டு இறகுகள் இருக்கும், பாரபட்சம் இல்லை என்பதற்கு அடையாளமாக.

"மிஸஸ் பிக்கெட், உங்களுக்குச் சிறகடித்த அனுபவம் நாற்பது மணி நேரம் இருக்கணும்."

"அனுமதி இல்லாம சிறகடிக்கக் கூடாதுன்னு இருக்கே சார்?"

"கூடவே கூடாது."

"அப்போ நாற்பது மணி நேரம் எங்கேயிருந்து வரும்?"

"இதே கேள்வியைத்தான் முப்பத்தொரு வருஷமா எல்லாரும் கேக்கறாங்க" என்று கிராப்ட்ரீ பெருமையோடு சொன்னார். "எவ்வளவு கச்சிதமான விதி பாருங்க. இதுவரைக்கும் ஒரு விபத்து கிடையாது."

பிறகு அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய் இரண்டு கையையும் விரித்துப் பத்து நிமிடம் அடிக்கச் சொன்னார்கள். கீழே ஓர் எடைமெஷின். ஒரு குமாஸ்தா குனிந்து முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். போகிற வருகிற ஊழியர்கள் தேநீர்க் கோப்பையோடு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"சார், நான் காலால பறக்கப் போறேன். கையால இல்லை."

"காலா?" கிராப்ட்ரீ திடுக்கிட்டார். "படிவத்துல காலுக்கு இடமே இல்லையே. காலைப் பத்தி ஒரே ஒரு கேள்விதான், வளையம் மாட்டியாச்சான்னு."

கணுக்காலில் எண் போட்ட அலுமினிய வளையம் ஒன்றை மாட்டிவிட்டார்கள். நோலீனுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அடக்கிக்கொண்டு, "அனுமதி கிடைக்குமா சார்? அதையாவது வாய் திறந்து சொல்லுங்களேன்" என்றாள்.

"ஆணையம் வாய்மொழியா எதையும் சொல்றதில்லை மிஸஸ் பிக்கெட். நான் இப்போ சொன்னதுகூட ஆணையம் சொன்னது ஆகாது. எதுவானாலும் எழுத்துல, தபால்ல வரும். அது உங்க கைக்குக் கிடைக்கிற வரைக்கும் ஆணையம் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலைன்னு அர்த்தம்."

ஜனவரியில் வந்த கடிதம், கோழித் துறையிலிருந்து வந்த பாதுகாப்பு விதிப்படி வேலிக்கு அருகே கொண்டுவரப்படும் எதற்கும் ஒரு பக்கச் சிறகை வெட்டிக் காட்ட வேண்டும் என்றது. நோலீன் சமையலறையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எட்டு வருஷம் செட்ரிக். எட்டு வருஷம். வெட்டணுமாம்."

செட்ரிக் கடிதத்தை இரண்டு தரம் படித்தான். "எவ்வளவு வெட்டணும்னு போட்டிருக்கா?"

"வெட்டப்பட்டது கண்ணுக்குத் தெரியணும்னு போட்டிருக்கு."

"அப்போ சரி" என்று பொறி நின்ற தொழுவத்துக்குப் போனான். இடது சிறகின் நுனியில் ஒரு கைநீளத்துக்கு உதவாத ஒட்டு ஒன்று வைத்துத் தைத்தான். ஆய்வாளர்கள் வந்து, நாடா வெட்டுவது போல் அதை மரியாதையாக வெட்டி, ரசீது கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சமிருந்தது, இறங்கும் இடம். இதற்கு முன் விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் 'நேர் கீழே' என்று எழுதியிருந்தார்கள். நோலீன் 'எதிர்க்கரை' என்று எழுதினாள். அதைப் படித்த கட்டடத்தில் அன்றைக்கு மூன்று மணித் தேநீர் ஆறிப்போயிற்று. ஏனென்றால் விக்டோரியா மாநிலம் தென்கரையின் விளிம்போடு முடிகிறது. ஆற்றுத் தண்ணீரும் எதிர்க்கரையும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தவை. முப்பத்தொரு வருடமாக மேடையிலிருந்து குதித்தவர்கள் எல்லோரும் இங்கே குதித்து அங்கே விழுந்துகொண்டிருந்தார்கள் என்பதை ஆணையம் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை.

பதில் வராமலே மார்ச் வந்தது. திங்கட்கிழமையும் வந்தது. காற்றே இல்லாத காலை, ஆறு கண்ணாடியாய்க் கிடந்தது. படகுத்துறை மேடை முப்பதடி உயரம். அதன் மேல் இருபத்தெட்டு மீட்டர் சிறகைப் பன்னிரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஹோரி இறைச்சிப் பை வேஷத்தில், இடுப்பைச் சுற்றி மொரமொரவென்ற அட்டை விளிம்போடு நின்றார். செத்தவருக்கு எந்தச் சீட்டும் வேண்டாம் என்பதால் அவர் மட்டும் இரண்டு தரம் குதிப்பது வழக்கம்.

"பத்து மணிக்கு மேல காத்து ஏறிடும்" என்றான் செட்ரிக். மணி ஒன்பதரை. நோலீன் பொறிக்குள் படுத்துக்கொண்டாள். பசித்தால் தின்ன ஒரு பீச் பழத்தைச் செட்ரிக் அவள் சட்டைப் பையில் திணித்தான். அந்த நேரம் பார்த்து கிராப்ட்ரீ ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"மகாஜனங்களே! மனிதன் பறக்க முடியுமா? முடியும் என்று சொல்வது எளிது. முடியாது என்று சொல்வதும் எளிது. எதையும் சொல்லாமல் இருப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். முப்பத்தொரு வருடமாக இந்தக் கேள்விக்கு ஒரு கீறல்கூட விழாமல் காப்பாற்றி வந்திருக்கிறோம். எங்களிடம் வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே புத்தம் புதிதாக இருக்கிறது! விடை கிடைத்துவிட்டால் என்ன ஆகும்? 'முடியும்' என்றால் விமானத் துறை எங்களை விழுங்கிவிடும். 'முடியாது' என்றால் கட்டடத்தை நூலகத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே, விடையைத் தேடும் பணி நிற்கக் கூடாது என்பதற்காக, விடை தட்டுப்படும் இடங்களை எல்லாம் கவனமாகத் தவிர்த்தே தேடி வருகிறோம்!"

ஊழியர்கள் பதினாறு பேரும் கைதட்டினார்கள். பேச்சு இன்னும் பதினெட்டுப் பக்கம் இருந்தது. நதியோர யூகலிப்டஸ் மரத்தின் உச்சி இலை ஒன்று மெல்ல அசைந்தது. செட்ரிக் அதைப் பார்த்தான், நோலீனும் பார்த்தாள்.

"சார்! என் விண்ணப்பம் என்னாச்சு?" என்று படுத்தபடியே கத்தினாள்.

கிராப்ட்ரீ ஒலிபெருக்கியைத் தாழ்த்தினார். "முடிவு எடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியில போட்டாச்சு."

"என்ன முடிவு?"

"தபால்ல வரும்."

"சனி, ஞாயிறு, இன்னிக்கு, மூணு நாளும் லீவு சார். தபால் கிடையாது!"

"அது மத்திய அரசு விவகாரம்."

கூட்டம் முணுமுணுத்தது. "ஏய் நோலீன், பெட்டிச் சாவி உன்கிட்டதானே இருக்கு? போய்த் திறந்து பாரேன்!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் விடுமுறை நாளில் தபால் பெட்டியைத் திறந்தவள் இல்லை அவள். கடிதம் தனக்கு வந்ததாகவே இருக்கட்டும், வரிசைப்படி வரட்டும்.

பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"சார், கடுதாசி என் கைக்கு வந்து சேரலை, சரிதானே?"

"சரி."

"வந்து சேர்ற வரைக்கும் ஆணையம் என்கிட்ட ஒண்ணுமே சொல்லலைன்னு அர்த்தம். பறன்னும் சொல்லலை."

"சொல்லலை."

"பறக்காதேன்னும் சொல்லலை."

கிராப்ட்ரீ ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். அவர் வாழ்நாளில் ஒரு விதி அவரைத் திரும்பிக் கடித்தது அதுதான் முதல் தடவை.

"தள்ளுங்கப்பா!" என்றான் செட்ரிக்.

"நில்லுங்க! நிறுத்துங்க!" என்று கிராப்ட்ரீ கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"எழுதி அனுப்புங்க சார்!" என்று நோலீன் கத்தினாள். "தபால்ல!"

பன்னிரண்டு பேரும் ஓடினார்கள். மேடைப் பலகைகள் தடதடத்தன. விளிம்பு வந்தது, விளிம்பு போயிற்று. பொறி ஒரு கணம் கல்லாய்க் கீழே இறங்கியது. "ஒண்ணு!" என்றது கூட்டம். நோலீன் உதைத்தாள். இருபத்திரண்டு வருடத்து மேடுகளையெல்லாம் சேர்த்து உதைத்தாள். "ரெண்டு!" சிறகு இறங்கிற்று, ஏறிற்று. தண்ணீர் முகத்துக்கு நேரே வந்தது, தன் மூக்கே அதில் தெரிந்தது. "மூணு!" என்று சொல்லிவிட்டுக் கூட்டம் தண்ணீர்ச் சத்தத்துக்காகக் காத்திருந்தது.

சத்தம் வரவில்லை.

அதற்குமேல் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் அதற்குமேல் எண்ணிப் பழகவில்லை. பிறகு இறைச்சிப் பைக்குள்ளிருந்து ஹோரியின் குரல், "நாலு! நாலுடா! எண்ணுங்கடா பாவிங்களா!" என்று கிளம்பியதும் கரை முழுதும் பற்றிக்கொண்டது. ஐந்து என்றார்கள், ஆறு என்றார்கள். பத்தைத் தாண்டியபோது தொப்பிகள் மேலே போயின. பசு மாட்டின் முன்னங்காலும் பின்னங்காலும் தனித்தனியாகக் குதித்தன. லினெட் கவுன்ட்டர் மரியாதையை மறந்து நாற்காலி மேல் ஏறி நின்று எண்ணினாள். நோலீனுக்கு முட்டி தீயாய் எரிந்தது, ஆனால் அவளுக்குள் எதுவோ கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டே இருந்தது. கீழே தன் நிழல் சிறகடித்துக்கொண்டு தண்ணீரின் மேல் போவதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு நிஜக் கூழைக்கடா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்காதது போல் விலகிப்போயிற்று.

"இருபத்திரண்டு!" என்றபோது பொறி எதிர்க்கரை மணலைத் தொட்டு, சறுக்கி, ஒரு சிறகை மடக்கி நின்றது.

அங்கே நிழற்குடையின் கீழ், பழ ஈயைத் தடுக்க மாநிலம் விட்டு மாநிலம் பழம் போகாமல் பார்க்கும் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து சிறகின் கீழே குனிந்து பார்த்தார்.

"விக்டோரியாவிலேர்ந்தா?"

"ஆமா" என்றாள் நோலீன் மூச்சு வாங்க.

"பழம் ஏதாவது?"

"ஒரு பீச்."

"கொண்டுபோகக் கூடாதும்மா. இங்கேயே தின்னுடணும், இல்லேன்னா தொட்டியில போடணும்." தன் நோட்டைத் திறந்து, வந்த விதம் என்ற இடத்தில் காரையும் படகையும் தாண்டி, 'இதர' என்பதில் ஒரு குறி போட்டார்.

அவள் மணலில் உட்கார்ந்து பழத்தைத் தின்றாள். சாறு முழங்கை வரை ஒழுகிற்று. செட்ரிக் துடுப்புப் போட்டுப் படகில் வந்து சேரும்போது அழுதுகொண்டே வந்தான், வெட்கமே படவில்லை.

தென்கரையில் கிராப்ட்ரீ விளிம்போடு ஒரு முளை அடித்து, நாடாவைப் பிடித்து, அளவைப் பதிந்தார். "மாநிலத்துக்குள் பறந்த தூரம், பூஜ்யம்" என்று அறிவித்தார். "அப்பால் நடந்தது எதுவும் எங்கள் பார்வைக்கு உட்பட்டதல்ல."

"இருபத்திரண்டு வரைக்கும் எண்ணினோமே!" என்றது ஊர்.

"எண்ணுவதற்கு அனுமதி வாங்கினீர்களா?" என்றார் அவர்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, நோலீனின் கடைசிச் சுற்று. ஆணையத்தின் வாசல் பெட்டியைத் திறந்தாள். அவள் பெயரிட்ட நீளமான உறை மேலாக இருந்தது. முத்திரை குத்தினாள், அடுக்கினாள், பையில் போட்டாள். முட்டி வீங்கியிருந்ததால் மேடுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டே போனாள். தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும் தொப்பியைத் தூக்கி, "இருபத்திரண்டு!" என்றார்கள். கடைசியில் தன் வீட்டுக்கு வந்து, இந்தத் தடவை உள்ளே நுழையாமல், கதவைத் தட்டினாள்.

செட்ரிக் கதவைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், கையிலிருந்த உறையைப் பார்த்தான்.

"பதிவுத் தபால். மிஸஸ் நோலீன் பிக்கெட் இருக்காங்களா?" என்றாள் நோலீன்.

செட்ரிக் நிலையில் சாய்ந்துகொண்டு கொஞ்சம் யோசித்தான். "இல்லையே" என்றான். "பறந்துட்டா."

"நிச்சயமா தெரியுமா?"

"என் கண்ணால பார்த்தேன். ஊரே பார்த்துச்சு."

உறையின் மேல் அச்சிட்ட பட்டியல் ஒன்று இருக்கும். இடம் மாறிவிட்டார், வாங்க மறுத்தார், முகவரி தெரியவில்லை, இறந்துவிட்டார். நான்கில் எதுவும் பொருந்தாததால் அவற்றின் கீழே, வீட்டாரை விசாரித்து அறிந்தபடி என்று தொடங்கி, தெளிவான எழுத்தில் நோலீன் எழுதினாள்: 'தன் சொந்த பலத்தில், சிறகடித்துப் பறந்துவிட்டார். அனுப்பியவருக்கே திருப்புக.' கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரையும் குத்தினாள்.

ஆணையத்தின் கவுன்ட்டரில் லினெட் உறையை வாங்கிப் படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். பிறகு வாயை இறுக்கி மூடிக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க, பெரிய பதிவேட்டை இழுத்துத் திறந்து, ஒன்பதாவது விதிப்படி எழுத்துக்கு எழுத்து ஏற்றினாள். மை காய ஊதிவிட்டாள்.

கிராப்ட்ரீ மாடியிலிருந்து இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தபோது நோலீன் வாசலில், கூழைக்கடா சிலையின் பக்கத்தில், சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன காரியம் செஞ்சுட்டீங்க! பதிவேட்டுல ஏறிடுச்சு! முப்பத்தொரு வருஷம்!" அவர் அந்த உறையைத் தூக்கிக் காட்டினார். "இதுக்குள்ள என்ன இருக்குன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது சார். அடுத்தவங்க தபாலைப் பிரிக்கிறது குற்றம்."

"இது உங்க பேருக்கு வந்ததும்மா!"

"அவங்களா?" என்றாள் நோலீன். காலை வளைத்து, கொஞ்சம் தேவலையான முட்டியின் பக்கமாக சைக்கிளில் ஏறினாள். "அவங்க பறந்துட்டாங்க சார்."

சரிவில் சைக்கிளை விட்டாள். மிதிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சரிவு முடிகிற இடத்தில் ஹோரியின் கடை. அங்கே நிறுத்திச் சூடாக ஓர் இறைச்சிப் பை வாங்கிக்கொண்டாள்.